ஏணிக்கு ஒரு வால்

மார்ச் 3, 1965, புதன்.
தவறு: தலைப்பின் நடு எழுத்துக்குக் கீழே வால் போடவில்லை. சிறிய தவறு.
காரணம்:

தெக்லா அதற்கு மேல் எழுதாமல் பேனாவைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். நாட்குறிப்பில் அவளுக்கு ஓர் ஒழுங்கு உண்டு. முதலில் தவறு, அடுத்தது காரணம், கடைசியில் நாளைய வேலை. மாலை வகுப்பில் சேர்ந்ததிலிருந்து அவள் எழுதிய எந்தப் பக்கமும் இந்த வரிசையை மீறியதில்லை. இன்று இரண்டாவது வரியிலேயே வண்டி நின்றுவிட்டது. 'சிறிய' என்ற சொல்லை அடித்தாள். அடித்தது மிகையாகப் பட்டதால் அதற்கு மேலேயே மறுபடியும் 'சிறிய' என்று எழுதினாள்.

வெளியே பனி உருகிச் சேறாகிக்கொண்டிருந்தது. அக்கா லோன்யா டிராம் நடத்துநர் சீருடையைக்கூடக் கழற்றாமல் சமையலறை வாசலில் நின்று, ஜாடிக்குள் கையை விட்டு உப்பு வெள்ளரிக்காயைத் துழாவிக்கொண்டிருந்தாள்.

"என்னாச்சு? ஒத்துக்கிட்டாங்களா, இல்லையா? உன் மூஞ்சியப் பாத்தா ஒண்ணும் புரியல."

"ஒத்துக்கிட்டாங்க."

"அப்புறம் எதுக்கு இந்த எழவு வீட்டு முகம்?"

"நான் வரைஞ்சத ஒத்துக்கல லோன்யா. வேற எதையோ ஒத்துக்கிட்டாங்க."

லோன்யா கடித்த வெள்ளரிக்காயைக் கையிலேயே வைத்துக்கொண்டு வந்து எதிரில் உட்கார்ந்தாள். "மொதல்லேருந்து சொல்லு. நான் காலைலேருந்து நின்னுக்கிட்டே இருந்தவ. சுருக்கமாச் சொல்லு."

சுருக்கமாகச் சொல்ல முடியாததுதான் தெக்லாவின் தொல்லை.

பகலில் அவள் ஒரு பெரிய கடையின் ஜன்னல் அலங்காரப் பிரிவில் விலைப்பலகை எழுதுகிறவள். மாலையில் சுவரொட்டி வகுப்பு. திரைப்பட அலுவலகம் பேர்பெற்ற ஓவியர்களுக்கே வேலை கொடுத்துக்கொண்டிருந்தது போதும், மாலை வகுப்புக்காரர்களுக்கும் சில படங்களைக் கொடுத்துப் பார்க்கலாம் என்று இந்தக் குளிர்காலத்தில் முடிவு செய்தது. தெக்லாவுக்கு ஒரு பல்கேரியப் படம் வந்தது. நன்றாக அமைந்தால் அவள் கைவேலை ஒன்று வார்ஸா நகரத்தின் வேலிகளிலும் சுவர்களிலும், மூலையில் அவள் பெயரோடு நிற்கும். வழியில் போகிற முன்பின் தெரியாத ஒருவர் அதன்முன் ஒரு கணம் நிற்க வேண்டும், அவள் நினைத்ததை அவரும் நினைக்க வேண்டும். அவளுக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். கடையில் அவள் எழுதும் பலகைகளின் முன் நிற்பவர்கள் நினைப்பதெல்லாம் சட்டை விலையைத்தான்.

ஓவியம் வரைவதற்கு முன் படத்தைப் போட்டுக் காட்டுவது வழக்கம். ஆனால் படச்சுருள் போலிஷ் வசனம் சேர்ப்பதற்காக வூட்ச் நகரத்துக்குப் போயிருந்தது. அதனால் ஒரு தாள் மட்டும் கொடுத்தார்கள். தலைப்பு, அதன் கீழே சுருக்கம்: போர் முடிந்த இலையுதிர்காலம். சிறிய ஊர். திரும்பி வந்த ஒருவனை அண்டை அயலார் ஏற்கவில்லை. உண்மை மெல்ல வெளியே வருகிறது.

அலுவலகத்துத் தட்டச்சு இயந்திரம் போருக்கு முந்தைய ஜெர்மன் இயந்திரம். போலிஷ் எழுத்துகளின் வால்களும் கீற்றுகளும் அதில் கிடையாது. தட்டச்சு செய்கிற பெண் பக்கத்தை முடித்ததும் பேனாவால் ஒவ்வொன்றாகப் போட்டுவிடுவாள். இந்தத் தாளிலும் போட்டிருந்தாள். போட்டுவிட்டு, தலைப்பு எடுப்பாக இருக்கட்டும் என்று அளவுகோல் வைத்து அதன் கீழே ஒரு கோடும் இழுத்துவிட்டாள். நடு எழுத்தின் காலடியில் தொங்கிய வால் அந்தக் கோட்டுக்குள் மூழ்கிப் போயிற்று.

வாலில்லாமல் படித்தால் SAD. 'சாத்', பழத்தோட்டம். வாலோடு படித்தால் SĄD. 'சோந்த்', நீதிமன்றம்.

தெக்லா ஒரு மாதமாக வரைந்தது பழத்தோட்டம்.

லோன்யா முதலில் புருவத்தைச் சுருக்கினாள். பிறகு அவளுடைய தோள் குலுங்கத் தொடங்கியது. வெள்ளரிக்காயை மேசையில் வைத்துவிட்டு நெற்றியை அதன் பக்கத்திலேயே சாய்த்துக்கொண்டு சிரித்தாள்.

"சிரிச்சு முடிச்சுட்டியா?"

"இருடி, இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கு." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஒருத்தன ஜெயிலுக்கு அனுப்புற படத்துக்கு நீ ஆப்பிள் மரமா வரைஞ்சு வச்ச? அத அவங்களும் ஒத்துக்கிட்டாங்களா? அந்த ஆபீஸ்ல எல்லாருக்கும் கண்ணு தெரியுமா?"

"நல்லாத் தெரியுது. எனக்குத் தெரியாததெல்லாம் தெரியுது."

அவள் வரைந்திருந்த அட்டையில் இருந்தது இவ்வளவுதான்: கறுப்பு வானம், கறுப்பு நிலம். நடுவில் வரிசையாக மரங்கள். ஒவ்வொரு மார்ச்சிலும் எல்லாத் தோட்டங்களிலும் செய்வது போல அடிமரங்களுக்கு இடுப்பளவு சுண்ணாம்பு. மரங்களின் மேற்பகுதி கறுப்போடு கலந்துவிட, இருட்டில் அந்த வெள்ளைத் துண்டுகள் மட்டும் நிற்கும். யாரோ வருவார் என்று காத்திருக்கும் வெறும் தோட்டம். திரும்பி வந்தவனைத் தோட்டம் மட்டும் ஏற்றுக்கொள்கிறது என்பது அவள் எண்ணம். கீழே தலைப்பு, மூன்றே எழுத்து. வரைந்து முடித்த படத்தின் மேல் அச்செழுத்தைக் கொண்டுபோய் ஒட்டுவது சுவரொட்டி ஓவியர்கள் யாருக்கும் பிடிக்காது; எழுத்தும் கையால் எழுதியதாக, படத்துக்குள்ளேயே பிறந்ததாக இருக்க வேண்டும். நடு எழுத்தான A-வைத் தெக்லா பழம் பறிக்கும் இரட்டைக்கால் ஏணியாக எழுதியிருந்தாள். இரண்டு கால், நடுவில் ஒரு படி. தூரிகையை ஒரே மூச்சில் இழுத்து வந்த எழுத்து. மரங்களைப் பற்றி அவளுக்கு ஆயிரம் சந்தேகம் இருந்தது. அந்த A-வைப் பற்றி மட்டும் ஒன்றுமில்லை.

இன்று காலை தேர்வுக் குழுவின் முன் அட்டையைச் சாய்த்து வைத்துவிட்டுப் பக்கத்தில் நின்றாள். குழுத் தலைவர் பான் ஸ்தாரோன் (ஆணுக்கு மரியாதையாக 'பான்', பெண்ணுக்கு 'பானி') புகைக்குழாயை வாயிலிருந்து எடுத்தார். நெடுநேரம் பார்த்தார்.

"இவங்கதான் நீதிபதிங்க, இல்லையா?"

தெக்லாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "எவங்க?"

"கேக்குறாங்க பாருங்க, எவங்கன்னு" என்று அவர் மற்றவர்களைப் பார்த்துச் சிரித்தார். "இதான் எனக்குப் பிடிக்குது. தன் வேலையத் தானே விளக்க மாட்டாங்களாம்."

குழுவில் இருந்த பானி ரோஸால்யா, கூடத்துக்குள்ளும் ரோமத் தொப்பியைக் கழற்றாதவர், எழுந்து அருகே வந்தார். "உடம்பு முழுக்க இருட்டு. கழுத்துப் பட்டை மட்டும் வெள்ளை. யாருக்கும் முகமே இல்ல. ரொம்பப் பயமா இருக்கு, பானி தெக்லா. ரொம்ப நல்லா இருக்கு."

"அது சுண்ணாம்புங்க" என்றாள் தெக்லா.

"அதத்தான் நானும் சொல்றேன். வெள்ளையடிச்ச நீதி."

மேசை ஓரத்தில் குறிப்பெழுதிக்கொண்டிருந்த வழுக்கைத் தலைக்காரர் பேனாவை நிறுத்தினார். "எந்தக் காலத்து நீதின்னு மேலிடத்துல கேப்பாங்க, ஒரு வார்த்தை சேக்கணும். பழைய ஆட்சிக் காலத்துதுன்னு போட்டுடவா?"

"போடுங்க, போடுங்க. பல்கேரியாவோட பழைய ஆட்சின்னே போடுங்க" என்றார் பான் ஸ்தாரோன். "அந்த நடு எழுத்தப் பாத்தீங்களா? தூக்குமேடை."

"ஏணி" என்றாள் தெக்லா.

"ஆமா, ஏணி" என்று அவர் கண்ணைச் சிமிட்டினார். "ஒரே ஒரு குறை. அவசரத்துல வாலை விட்டுட்டீங்க. அதப் போட்டுக் குடுத்துடுங்க, அச்சுக்குப் போயிடும்."

"என்ன வால்?"

"சோந்துக்கு வால் வேண்டாமா? இல்லன்னா பழத்தோட்டம் ஆயிடுமே."

கூடம் முழுக்கச் சிரித்தது. தெக்லாவும் சிரித்தாள். சிரித்தபடியே அட்டையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

இதையெல்லாம் கேட்டு முடித்த லோன்யா இந்த முறை சிரிக்கவில்லை. "போகட்டும் விடு. உன் பேரு வருதில்ல. வாலப் போட்டுட்டுப் பேசாம இரு."

"அது பொய்யில்லையா?"

"மரத்த நீதான வரைஞ்ச? அப்புறம் என்ன பொய்?"

தெக்லா நாட்குறிப்பில் காரணத்தை எழுதினாள்: 'கோட்டை உற்றுப் பார்க்கவில்லை.' நாளைய வேலைக்கு நேரே 'வால்' என்று ஒரு சொல்லை எழுதிவிட்டு வகுப்புக்குக் கிளம்பினாள்.

வகுப்பில் செய்தி அவளுக்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தது.

"வாங்க, நீதியரசி, வாங்க" என்று எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டான் போகுமில். புத்தகம் கட்டும் பட்டறையில் வேலை செய்கிறவன். விரலிடுக்கில் எப்போதும் காய்ந்த பசை. அவனுக்கும் ஒரு படம் கிடைத்திருந்தது, அணை கட்டுகிறவர்களைப் பற்றியது. நேற்று அவனுடைய அட்டையைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

"உன்னோடத ஏன் வேண்டாம்னாங்க?" என்று தெக்லா கேட்டாள்.

"படத்தப் பாத்துட்டு வரைஞ்ச மாதிரி இருக்காம்." அவன் பசையை நகத்தால் சுரண்டினான். "நான் ரெண்டு தடவ பாத்தேன் தெக்லா. ரெண்டு தடவ. அந்த சிமெண்ட் மூட்டைங்க இன்னும் கனவுல வருது. அணைய வரைஞ்சு குடுத்தா, 'அணைய மக்கள் திரையிலயே பாத்துக்குவாங்க, நீங்க எதுக்கு'ன்னு கேக்குறாங்க. நீ என்னடான்னா கோர்ட்டுமில்ல, தராசுமில்ல, ஒரு மரத்தக் காட்டி எல்லாரையும் கவுத்துட்ட. எப்படித் தோணிச்சு? உண்மையச் சொல்லு."

"உண்மையச் சொன்னா, தலைப்பத் தப்பாப் படிச்சிட்டேன். பழத்தோட்டம்னு நெனச்சு வரைஞ்சேன்."

போகுமில் உதட்டைப் பிதுக்கினான். "சொல்ல விருப்பமில்லன்னா சொல்லாத. அதுக்குன்னு இப்படியா கத விடுறது?"

"கதையில்ல."

"சரி சரி. எங்க சித்திகிட்ட முட்டைக்கோஸ் சூப்புல என்ன போடுறன்னு கேட்டா, 'ஒண்ணுமில்ல, தண்ணி'ம்பா. நீயும் அந்த ரகம்தான்." அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். பிறகு மனம் கேட்காமல், "உன் பல்கேரியப் படம் வந்துருச்சு தெரியுமா? நாளைக்குக் காலைல அலுவலகத்துல போடுறாங்க. நீ பாத்தாலும் பாக்காட்டியும் ஒண்ணுதான். வேணும்னா போ" என்றான்.

அன்று வகுப்பில் எழுத்துப் பயிற்சி. ஆசிரியர் தெக்லாவைக் காட்டி, எழுத்தைப் படத்தின் அர்த்தத்தோடு கட்டுவது எப்படி என்பதற்குத் தூக்குமேடையான A-வை உதாரணம் சொன்னார். அவள் குனிந்து காகிதத்தில் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். ஒரு கோடும் நேராக வரவில்லை.

மறுநாள் காலை கடையில் பல்வலி என்று சொல்லிவிட்டுப் படம் பார்க்கப் போனாள்.

படத்தில் ஒரு மரம்கூட இல்லை. எப்போதாவது ஜன்னல் வழியாக ஒரு கிளையாவது தெரியுமா என்று முதல் பாதி முழுக்கத் தேடினாள். ஊரில் நீதிமன்றக் கட்டடம் குண்டு விழுந்து இடிந்துபோனதால் பள்ளிக்கூடத்து வகுப்பறையிலேயே விசாரணை நடக்கிறது. குற்றம் சாட்டப்பட்டவன் ஆறடி ஆள். அவனைச் சின்னப் பிள்ளைகளின் பெஞ்சில் உட்கார வைக்கிறார்கள். அவன் முழங்கால் மேசைக்குக் கீழே நுழையவில்லை. படம் முழுக்க அந்த முழங்கால்களை எங்கே வைப்பது என்று தெரியாமல் அவன் தவிக்கிறான். பக்கத்துவீட்டுக்காரி பொய்ச்சாட்சி சொல்லும்போதுகூட அவன் முகத்தில் கோபமில்லை. காலை மடக்குவதா நீட்டுவதா என்ற அவதிதான்.

தெக்லா இருட்டில் கையை மடியில் தேய்த்தாள். வரைய வேண்டிய அட்டை முழுக்க அவள் கண்ணுக்குத் தெரிந்துவிட்டது. வெறும் மஞ்சள். அதன் நடுவில் ஒரு சிறிய பெஞ்ச், மைக்குழியோடு. அதற்கு இருபுறமும் துருத்திக்கொண்டு நிற்கும் இரண்டு பெரிய முழங்கால்கள். தலையோ உடலோ வேண்டாம். படம் முடிவதற்குள்ளேயே வெளியே வந்து, நடைவழி ஜன்னல் விளிம்பில் தாளை வைத்து வரைந்தாள். அவசரத்தில் பெஞ்சின் கால் கோணலாக வந்தது. அது கோணலாகவே நன்றாக இருந்தது.

ஓர் எழுத்தைப் பார்க்காமல் விட்டதால் இந்த முழங்கால்கள் ஒரு மாதத்துக்கு முன்பே கைக்கு வராமல் போயின என்று நினைத்தபோது அவளுக்கு அந்த ஜன்னல் கண்ணாடியை முஷ்டியால் குத்த வேண்டும் போலிருந்தது. குத்தவில்லை. தாளை நான்காக மடித்துக்கொண்டு பான் ஸ்தாரோனின் அறைக்குப் போனாள்.

அவர் கண்ணாடிக் கோப்பையில் தேநீரை வைத்துக்கொண்டு தொலைபேசியில் யாரையோ காகிதத்துக்காகத் திட்டிக்கொண்டிருந்தார். கையைக் காட்டி உட்காரச் சொன்னார். தெக்லா உட்காரவில்லை.

"சொல்லுங்க பானி தெக்லா. வாலோட வந்திருக்கீங்களா?"

"இல்லீங்க. ஒண்ணு சொல்லணும். நான் வரைஞ்சது நீதிபதிங்க இல்ல. பழத்தோட்டம். தலைப்பத் தப்பாப் படிச்சிட்டேன். அந்த எழுத்து ஏணி. நெசமாவே ஏணிதான்."

பான் ஸ்தாரோன் சர்க்கரையைக் கலக்கினார். "தெரியும்."

"தெரியுமா?"

"நேத்து வால்னு சொன்னதும் உங்க முகம் போன போக்கப் பாத்தேனே. பேக்கரி பொண்ணுகிட்ட ரொட்டிக்குப் பதிலா செங்கல் கேட்ட மாதிரி முழிச்சீங்க."

"தெரிஞ்சுமா ஒத்துக்கிட்டீங்க?"

"நல்லா இருக்கு. அதனால ஒத்துக்கிட்டேன். சுவத்துல ஒட்டினப்புறம், தெக்லா என்ன நெனச்சான்னு யாரும் வந்து கேக்கப் போறதில்ல. அவங்கவங்க பாக்குறதுதான் போஸ்டர்."

"ஆனா நான் நெனச்சதுன்னு ஒண்ணு இருக்கில்லீங்களா?"

"இருக்கு. வீட்ல வச்சுக்குங்க."

அவர் அதைக் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. மடித்த தாளை விரித்து அவர் மேசைமேல் வைத்தாள். "இப்பதான் படத்தப் பாத்தேன். இதப் பாருங்க. ஞாயித்துக்கெழமைக்குள்ள வரைஞ்சு குடுத்திடுறேன். இதுதான் அந்தப் படம்."

அவர் மூக்குக்கண்ணாடியை மாற்றிக்கொண்டு பார்த்தார். முழங்கால்களை, பெஞ்சை, மைக்குழியை. தேநீர் ஆறியது.

"நல்லா இருக்கு" என்றார் கடைசியில்.

"அதவிடவா?"

"அதவிடவும் இருக்கலாம். ஆனா இதுல நீங்க படத்தப் பாத்தது தெரியுது."

"பாத்துட்டுத்தானே வரையணும்?"

"வரையணும். பாத்தது தெரியக் கூடாது." அவர் தாளை அவள் பக்கம் தள்ளினார். "இன்னொண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. நேத்து அந்த மரம் ஏன் நல்லாருக்குன்னு நாங்க ஒரு பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டு மேல அனுப்பியாச்சு. இன்னைக்கு இத எடுத்தா, நேத்து எழுதினது ஏன் தப்புன்னு ரெண்டு பக்கம் எழுதணும். பானி ரோஸால்யா எழுதுவாங்கன்னு நெனக்கிறீங்களா? அவங்க வீட்டுக்குப் போயி புருஷன்கிட்டயும் வெள்ளையடிச்ச நீதியப் பத்திச் சொல்லியிருப்பாங்க."

"அப்ப வால் இல்லாமலே விட்டுடலாமா? வேணும்னே விட்ட மாதிரி."

"ஊர்ல எல்லாரும் பழத்தோட்டம்னு படிச்சுட்டு, குழந்தைங்களக் கூட்டிக்கிட்டு வந்து உக்காருவாங்க. நாளைக்கு மதியம் அட்டை அச்சகத்துக்குப் போகுது. நீங்க போடலன்னா சொல்லுங்க, அங்க எழுத்து எழுதுறவர் இருக்கார். அவரு ஒரு வாலப் போட்டுடுவார்."

தெக்லா தாளை எடுத்துக்கொண்டாள். அவரோடு சண்டை போடுவதற்கு ஒரு பிடியும் கிடைக்கவில்லை. அவர் கத்தியிருந்தால் தானும் கத்தியிருக்கலாம்.

டிராமில் வரும்போது முழங்கால்களை விரித்து மறுபடியும் பார்த்தாள். இது மரங்களைவிட நல்லதா? காலையில் சந்தேகமே இருக்கவில்லை. இப்போது அது வெறும் முழங்காலாகத் தெரிந்தது. படம் பார்க்காதவனுக்கு நாற்காலி விளம்பரமாகக்கூடத் தெரியலாம். பான் ஸ்தாரோன் சொன்னது சரியாக இருந்துவிட்டால் என்ன செய்வது என்ற நினைப்புதான் அவர் மறுத்ததைவிட அதிகமாகக் குத்தியது. இரண்டையும் எடைபோட அவளிடம் ஒரு தராசு இல்லை. மூன்று ஆண்டு மாலை வகுப்பில் யாரும் அதைக் கொடுக்கவில்லை.

வீட்டுக்கு வந்து அட்டையைச் சமையலறை மேசைமேல் கிடத்தினாள். மெல்லிய தாளை A-வின் மேல் வைத்து வால் போட்டுப் பார்க்கத் தொடங்கினாள். லோன்யா ரொட்டியில் பாலாடைக்கட்டியைத் தடவிக்கொண்டே எட்டிப் பார்த்தாள்.

"எலி வால் மாதிரி இருக்கு. ஏணிக்குக் கீழ எலி."

தெக்லா வேறொன்று போட்டாள்.

"இது யாரோ ஏறும்போது துணி கிழிஞ்சு ஆணில மாட்டிக்கிட்ட மாதிரி."

"இது?"

"கொக்கி. கசாப்புக் கடை."

"நீ கொஞ்சம் பேசாம இருக்கியா?"

"நீதான கேட்ட?"

தெக்லா உதட்டைக் கடித்துக்கொண்டு, ஏணியின் வலது கால் நுனியைத் தரைக்குள் இறக்கி, மெல்ல வளைத்து வேர்போல விட்டாள். மண்ணில் ஊன்றிய ஏணி வேர் பிடித்துவிட்டது போலிருந்தது. அவளுக்கு ஒரு கணம் நெஞ்சு லேசாயிற்று. ஏணியும் இருக்கிறது, வாலும் இருக்கிறது, தோட்டமும் போகவில்லை.

"லோன்யா, இத எடுத்துக்கிட்டு மாடிப்படி திருப்பத்துல நில்லு. நான் கீழேருந்து பாக்குறேன்."

"நீ நில்லு. நான் பாக்குறேன். டிராம்லேருந்து பாக்குற கண்ணு என்னோடதுதான்."

தெக்லா அட்டையைத் தூக்கிக்கொண்டு திருப்பத்தில் நின்றாள். லோன்யா கீழே முற்றத்துக் கதவுவரை போய், நிற்காமல், பக்கவாட்டில் நடந்தபடியே தலையைத் திருப்பிப் பார்த்தாள். வண்டியில் போகிறவர்கள் அப்படித்தான் பார்ப்பார்களாம்.

"என்ன படிச்ச?"

"பழத்தோட்டம்."

"இன்னொரு தடவ பாரு."

லோன்யா இன்னொரு முறை நடந்தாள். "தெக்லா, எனக்கு விஷயம் தெரியும். தெரிஞ்சும் பழத்தோட்டம்னுதான் படிக்கிறேன். அது வேரு. வால் இல்ல."

வால் வாலாகத் தெரிய வேண்டுமானால் A முதலில் A-வாக இருக்க வேண்டும். ஏணிக்கு எதை மாட்டினாலும் அது ஏணியின் சாமானாகிவிடுகிறது. தெக்லா படியில் உட்கார்ந்தாள். அட்டையை மடியில் வைத்துக்கொண்டாள். பக்கத்து வீட்டில் யாரோ வெங்காயம் வதக்கிக்கொண்டிருந்தார்கள்.

"விட்டுத் தொல. அச்சகத்துக்காரன் போடட்டும்" என்று மேலேறி வந்தாள் லோன்யா. "உனக்கு எதுக்கு இந்தக் கருமம்?"

"அவரு என் ஏணிக்கு எலி வால் போடுவாரு."

"போடட்டுமே. யாருக்குத் தெரியப் போகுது? அதத் தூக்குமேடைன்னுதான எல்லாரும் சொல்றாங்க."

"எனக்குத் தெரியுமே."

லோன்யா அவள் பக்கத்தில் உட்கார்ந்து பாலாடைக்கட்டி ரொட்டியைப் பாதியாகப் பிய்த்துக் கொடுத்தாள். தெக்லா அதைத் தின்று முடித்துவிட்டு எழுந்தாள். உள்ளே போய்க் கத்தியைத் தேடி எடுத்தாள். அளவுகோல் வைத்து, ஏணியைச் சுற்றி நான்கு பக்கமும் கோடு கிழித்தாள். கத்தி அட்டையின் மேல்தாளை மட்டும் வெட்ட வேண்டும். கை அழுந்தினால் அடியில் உள்ள அட்டையே அறுந்துவிடும். மூச்சை அடக்கிக்கொண்டு வெட்டினாள். தாளை ஓரத்தில் தூக்கி உரித்தபோது ஏணி நடுப்படியில் இரண்டாகக் கிழிந்து வந்தது. நன்றாகக் கிழியாமல் ஒரு காலின் அடி மட்டும் அட்டையிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. அதை நகத்தால் சுரண்டி எடுக்க வேண்டியிருந்தது.

லோன்யா விளக்கைக் கொஞ்சம் அருகே நகர்த்தி வைத்தாள்.

S-க்கும் D-க்கும் நடுவே நறுக்கிய முள்ளங்கியின் உட்புறம் போல ஒரு வெள்ளைக் கட்டம் நின்றது. மரங்கள் மேலே அப்படியே இருந்தன. இப்போது பார்த்தால் அவை அவளுக்கும் கொஞ்சம் நீதிபதிகளைப் போலத்தான் தெரிந்தன. அதற்காக அவள் அவர்கள் யாரையும் மன்னிக்கவில்லை. கீழ்மூலையில் தன் கையெழுத்தைப் பார்த்தாள். கத்தி கையில்தான் இருந்தது. கையெழுத்தைத் தொடாமல் கத்தியை மூடி வைத்தாள்.

பிறகு நாட்குறிப்பை எடுத்தாள்.

மார்ச் 4, வியாழன்.
தவறு: கடையில் பல்வலி என்று பொய் சொன்னேன்.
காரணம்: படம் பார்க்க வேண்டியிருந்தது.
நாளை: கடைக்குப் போகுமுன் தனித்தாளில் A, சாதாரண எழுத்து, தடித்த கால்கள், வால் பெரிதாக. காய்ந்ததும் கட்டத்தில் ஒட்டி, ஓரங்களைக் கறுப்பால் மூட வேண்டும். மதியத்துக்குள் அலுவலகத்தில் கொடுக்க வேண்டும்.